கேட்கும் உரிமை

மழை ஓய்ந்த மாலையில், ஹட்டனுக்கு அருகே ஒரு தோட்டத்து லயத்தின் முற்றத்தில் அமர்ந்திருந்தேன். பின்னால் இருந்த மலைச்சரிவில் தோன்றிய வெடிப்பை என் மாணவன் காட்டினான். 2014 அக்டோபர் 29இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்களைப் புதைத்த மண்சரிவு இருவர் நினைவிலும் எழுந்தது. அங்கே ஆபத்து உண்டென்ற எச்சரிக்கை முன்னரே இருந்தது. இருந்தும் மக்கள் அவ்விடத்திலேயே வாழ்ந்தனர்.

"இந்தச் சரிவை ஆராய்ந்த அறிக்கை உண்டா, ஐயா? ஜனாதிபதி மீதே வழக்குத் தொடர முடியாதாமே! எங்களுக்கு யார் விடை சொல்வார்?" என்றான்.

அவன் ஐயம் அடிப்படையற்றதன்று. 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 35ஆம் உறுப்புரை பதவியிலிருக்கும் ஜனாதிபதியை வழக்கிலிருந்து காக்கிறது. ஆயினும் அக்காப்பு பதவிக்காலத்தோடு முடிவது. பத்தரமுல்லையில் பொதுத் தேவைக்கென எடுத்த நிலம் கோல்ப் மைதானமான வழக்கில், முன்னாள் ஜனாதிபதி சந்திரிகா குமாரதுங்க 30 இலட்சம் ரூபாய் செலுத்த வேண்டுமென 2008இல் உயர் நீதிமன்றம் கட்டளையிட்டது. 2015ஆம் ஆண்டின் 19ஆம் திருத்தமோ, பதவியிலிருப்பவரின் உத்தியோகச் செயலை எதிர்த்தும் சட்டமா அதிபருக்கு எதிராக அடிப்படை உரிமை மனுத் தொடுக்க வழி திறந்தது.

அதே திருத்தம் தகவல் பெறும் உரிமையை 14அ உறுப்புரையாக்கியது. அதற்கான 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம் 2017 பெப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. கேட்பதற்குக் காரணம் கூற வேண்டியதில்லை. எழுத இயலாதவர் வாயால் சொன்னால், அலுவலர் எழுதிக்கொள்ளல் வேண்டும். தலைவரின் காப்பு வழக்கைத்தான் தடுக்கும். அலுவலகத்துக் கோப்பை மூடிவைக்க அது காரணமாகாது.

ஆனால் இவ்வுரிமை பிரஜைக்கே உரியது. 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழரை நாடற்றவராக்கியது. எஞ்சியிருந்தோருக்கும் 2003ஆம் ஆண்டுச் சட்டமே வழிசெய்தது. நாடற்றிருந்த காலத்தில் கொழுந்து பறித்த அக்கைகளுக்கு இந்நாட்டில் வாக்குமில்லை, வினவும் தகுதியுமில்லை.

திண்ணையில் அமர்ந்து எங்கள் பேச்சைக் கேட்டிருந்த அவன் பாட்டியும் நாடற்றவராய் வளர்ந்தவரே.

"மண்சரிவை ஆராய்வது தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம். மனுவைப் பாட்டியின் பெயரிலேயே எழுது" என்றேன்.

அவன் எழுதினான். பாட்டி நிதானமாகத் தம் பெயரைச் சொன்னார்.