அடுத்த சொல் எது?

அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் உள்ள வாண்டர்பில்ட் பல்கலைக்கழகம் 2023 ஆகஸ்டில் ஒரு மென்பொருள் வசதியை நிறுத்தியது. மாணவர் கொடுக்கும் கட்டுரை செயற்கை நுண்ணறிவால் எழுதப்பட்டதா என்று சொல்வதாக டர்னிடின் நிறுவனம் அளித்திருந்த வசதி அது. நிறுத்தியதற்குப் பல்கலைக்கழகம் சொன்ன காரணங்களில் ஒன்று சாதாரணப் பெருக்கல் கணக்கு. மனிதர் எழுதியதை எந்திரம் எழுதியதாகத் தவறாகச் சொல்வது நூற்றுக்கு ஒன்றுதான் என்றது நிறுவனம். 2022-இல் வாண்டர்பில்ட் மாணவர்கள் டர்னிடின் மென்பொருளில் ஏற்றிய கட்டுரைகள் 75,000. நூற்றுக்கு ஒன்று என்றால் 750 கட்டுரைகள். அத்தனைக்கும் ஒவ்வொரு மாணவர் வந்து, 'இது நான் எழுதியதுதான்' என்று நிரூபிக்க வேண்டியிருக்கும்.

எழுதியதை எப்படி நிரூபிப்பது? இங்கேதான் இந்த விஷயம் பழைய காப்பியடிப்புப் பிரச்சினையிலிருந்து விலகிப் போகிறது. ஒரு மாணவர் வேறொருவர் கட்டுரையிலிருந்து இரண்டு பத்தியை எடுத்துப் போட்டால், மூலத்தையும் நகலையும் மேசைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டலாம். யார் பார்த்தாலும் தெரியும். செயற்கை நுண்ணறிவு எழுதிய பத்திக்கு மூலம் கிடையாது. அது அந்த நிமிடத்தில் பிறந்தது. ஆகவே கண்டுபிடிக்கும் மென்பொருளின் கையில் சாட்சியம் இல்லை, ஊகம்தான் இருக்கிறது. எதை வைத்து ஊகிக்கிறது என்பதைத் தெரிந்துகொண்டால் அந்த 750 பேர் யாராக இருப்பார்கள் என்பதும் ஓரளவு புரிந்துவிடும்.

கிளாட் ஷானன் என்ற கணித மேதை 1951-இல் வெளியிட்ட ஆய்வில் ஒரு விளையாட்டு வருகிறது. ஓர் ஆங்கிலப் பகுதியை மறைத்து வைத்துக்கொண்டு, எதிரில் இருப்பவரை முதல் எழுத்திலிருந்து ஒவ்வொன்றாக ஊகிக்கச் சொல்ல வேண்டும். தப்பாகச் சொன்னால் சரியான எழுத்தைச் சொல்லிவிட்டு அடுத்த எழுத்துக்குப் போக வேண்டும். அவர் தந்த ஒரு எடுத்துக்காட்டில் 129 எழுத்துகளில் 89 முதல் முயற்சியிலேயே சரியாக வந்தன. மொழி இவ்வளவு தூரம் முன்கூட்டியே தெரிகிற ஒன்று! பேசும்போது நாம் சுதந்திரமாகச் சொற்களைத் தேர்ந்தெடுப்பதாக நினைக்கிறோம். பெரும்பாலான இடங்களில் முன்னால் வந்தவையே பின்னால் வருவதை முடிவு செய்துவிடுகின்றன.

'விடாமல் மழை பெய்ததால் பள்ளிகளுக்கு இன்று' என்று நிறுத்தினால், தமிழ் தெரிந்த யாரும் 'விடுமுறை' என்று முடித்துவிடுவார்கள். அந்த இடத்தில் 'வெல்லம்' என்று வந்தால் திடுக்கிடுவோம். சாட்ஜிபிடி போன்ற ஒரு மொழி மாதிரி செய்வது அடிப்படையில் இந்த ஊகம்தான். ஒரு மனிதர் பல பிறவி எடுத்தாலும் படித்து முடிக்க முடியாத அளவு எழுத்தைப் படித்து, ஒவ்வோர் இடத்திலும் அடுத்து வரக்கூடிய சொல்துண்டுகளுக்கு அது ஒரு வாய்ப்பு எண்ணைக் கணக்கிடுகிறது. பிறகு அந்த வாய்ப்புகளுக்கு ஏற்பக் குலுக்கிப் போட்டு ஒன்றை எடுக்கிறது. எடுத்ததையும் சேர்த்துக்கொண்டு மறுபடி கணக்கிடுகிறது. ஒரே கேள்வியை இரண்டு முறை கேட்டால் இரண்டு விதமாகப் பதில் வருவது இந்தக் குலுக்கலால்தான். இவ்வளவு எளிய வேலையிலிருந்து ஒரு முழுக் கட்டுரையும், ஓடக்கூடிய கணினி நிரலும் பிறப்பதை நினைத்தால் எனக்கு இன்னமும் பிரமிப்பாகத்தான் இருக்கிறது.

கண்டுபிடிக்கும் மென்பொருள் பெரும்பாலும் இதையே திருப்பிப் போட்டுப் பார்க்கிறது. கட்டுரையைப் படித்துக்கொண்டே போகும். எதிர்பார்த்த சொற்களே வரிசையாக வந்தால் எந்திரம் எழுதியது என்று சந்தேகிக்கும். அடிக்கடி எதிர்பாராத சொல் வந்தால் மனிதர் எழுதியது என்று விட்டுவிடும். இந்த எதிர்பாராமையின் அளவைத் துறைக்காரர்கள் பெர்ப்ளெக்சிட்டி என்கிறார்கள். வேறு முறைகளில் பயிற்றுவித்த மென்பொருள்களும் உண்டு, ஆனால் அவையும் எழுத்தின் நடையைப் பார்த்துத்தான் தீர்ப்புச் சொல்கின்றன. 2023-இல் அமெரிக்க அரசியலமைப்புச் சட்டத்தின் பகுதியை இப்படி ஒரு மென்பொருளிடம் கொடுத்தபோது, எந்திரம் எழுதியதாகவே பதில் வந்தது. இதில் மர்மம் இல்லை. அந்தச் சட்டம் எண்ணற்ற இடங்களில் அச்சாகியிருப்பதால் மொழி மாதிரிக்கு அது மனப்பாடம். மனப்பாடமான வரியில் எதிர்பாராத சொல் எங்கிருந்து வரும்?

அரசியலமைப்புச் சட்டத்துக்கு யாரும் மதிப்பெண் குறைக்கப் போவதில்லை. அடிபடுவது வேறு ஆட்கள். அதே 2023-இல் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதவர்கள் டோஃபல் ஆங்கிலத் தேர்வுக்கு எழுதிய 91 கட்டுரைகளை ஏழு மென்பொருள்களிடம் கொடுத்தார்கள். எல்லாமே மனிதர் எழுதியவை. சராசரியாக 61 விழுக்காடு கட்டுரைகள் எந்திரம் எழுதியதாகத் தீர்ப்பானது. அமெரிக்காவில் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் எழுதிய கட்டுரைகளை அதே மென்பொருள்கள் ஏறக்குறையச் சரியாக அடையாளம் கண்டன. அடுத்து ஆய்வாளர்கள் செய்ததுதான் எல்லாவற்றையும் விளக்கிவிடுகிறது. டோஃபல் கட்டுரைகளின் சொற்களை இன்னும் வளமாக்கித் தரும்படி சாட்ஜிபிடியையே கேட்டார்கள். தவறான தீர்ப்பு 61-இலிருந்து சுமார் 12 விழுக்காடாக இறங்கியது. தானே எழுதியவர் மாட்டிக்கொள்கிறார்; எந்திரத்தைக் கொண்டு மெருகேற்றியவர் தப்பிவிடுகிறார்.

பன்னிரண்டாம் வகுப்புவரை தமிழ் வழியில் படித்துவிட்டு, கல்லூரியில் ஆங்கிலத்தில் எழுதப் பழகியவர்களுக்கு இதற்குமேல் விளக்கம் தேவையில்லை. தப்பு வந்துவிடக் கூடாதே என்று தெரிந்த சொல்லை, பழகிய வாக்கிய அமைப்பைப் பிடித்துக்கொண்டு எழுதுவோம். அதைத்தான் ஆசிரியர்களும் சொல்லிக் கொடுத்தார்கள். அந்தக் கவனமே சந்தேகத்துக்குக் காரணமாவது அநியாயம் என்பதைத் தவிர எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓப்பன்ஏஐ நிறுவனமே 2023 ஜனவரியில் இப்படி ஒரு கருவியை வெளியிட்டது. எந்திரம் எழுதியவற்றில் 26 விழுக்காட்டைத்தான் அது பிடித்தது. மனிதர் எழுதியவற்றில் 9 விழுக்காட்டின்மேல் தவறாகப் பழி போட்டது. துல்லியம் போதாது என்று அதே ஆண்டு ஜூலையில் விலக்கிக்கொண்டார்கள். எந்திரம் எழுதும்போதே கண்ணுக்குத் தெரியாத முத்திரையைப் பதிக்கும் வழியும் இருக்கிறது: ஒவ்வோர் இடத்திலும் சொற்களை ரகசியமாக இரண்டு கூட்டமாகப் பிரித்து, ஒரு கூட்டத்துக்குச் சற்றுக் கூடுதல் வாய்ப்புக் கொடுத்து வைப்பார்கள். மேரிலாந்து பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2023-இல் விளக்கிய அழகான கணிதம் இது. ஆனால் முத்திரை போடாத மாதிரியை எடுத்துக்கொண்டாலோ, வந்ததை நன்றாக மாற்றி எழுதிவிட்டாலோ பயன்படாது.

எந்திரத்திடமே கேட்டால் என்ன? டெக்சாஸ் ஏ அண்ட் எம்-காமர்ஸ் பல்கலைக்கழகத்தில் 2023 மே மாதம் ஓர் ஆசிரியர் மாணவர் கட்டுரைகளை சாட்ஜிபிடியில் ஒட்டி, 'இதை நீ எழுதினாயா' என்று கேட்டார். ஆம் என்று வந்த பதிலை நம்பி, பட்டம் வாங்கும் தறுவாயில் இருந்தவர்களின் மதிப்பெண்ணை நிறுத்தி வைத்தார்கள். தான் யாருக்கு எதை எழுதிக் கொடுத்தோம் என்று புரட்டிப் பார்க்கும் பேரேடு எதுவும் சாட்ஜிபிடியிடம் இல்லை. அந்தக் கேள்விக்கும் அது அடுத்த சொல்லைத்தான் ஊகித்தது.

இதே ஊகம்தான் மாணவர் பக்கத்தில் இன்னொரு பள்ளத்தைத் தோண்டி வைத்திருக்கிறது. காவிரி டெல்டாவில் நிலத்தடி நீர் உப்பாவது பற்றி ஐந்து ஆய்வுக் கட்டுரைகளைச் சொல் என்று ஒரு மொழி மாதிரியிடம் கேட்பதாக வைத்துக்கொள்வோம். துணைநூற்பட்டியலின் வடிவம் அதற்கு அத்துப்படி. முதலில் ஆசிரியர் பெயர், இந்தத் துறையில் அடிக்கடி கண்ணில் படும் பெயர்களில் ஒன்று. பிறகு அடைப்புக்குள் ஆண்டு. டெல்டா, உப்புத்தன்மை, நிலத்தடி நீர் எல்லாம் வரும்படி ஒரு தலைப்பு. உண்மையிலேயே இருக்கிற ஓர் ஆய்விதழின் பெயர். தொகுதி எண், பக்க எண், கடைசியில், கட்டுரையின் இணைய அடையாளமான, 10 என்று தொடங்கும் டிஓஐ எண். ஒவ்வொரு துண்டும் அந்தந்த இடத்துக்குப் பொருத்தமானது. அப்படி ஒரு கட்டுரை மட்டும் உலகத்தில் இல்லாமல் போகலாம். அமெரிக்காவில் ஒரு விமான நிறுவனத்துக்கு எதிரான வழக்கில், நடக்காத வழக்குகளை முன்னுதாரணமாகக் காட்டி வழக்கறிஞர்கள் மனு கொடுக்க, நியூயார்க் நீதிமன்றம் 2023 ஜூனில் 5,000 டாலர் அபராதம் விதித்தது இப்படித்தான்.

இதைச் சரிபார்ப்பது ஐந்து நிமிட வேலை. டிஓஐ எண்ணை அதற்குரிய தளத்தில் போட்டால் கட்டுரை திறக்க வேண்டும். திறப்பது அதே தலைப்பாக இருக்க வேண்டும். அந்தத் தொகுதி எண்ணும் ஆண்டும் பொருந்துகின்றனவா என்று இதழின் பக்கத்தில் பார்க்கலாம், நூலகரைக் கேட்கலாம். இப்போதைய கருவிகள் இணையத்தில் தேடிவிட்டுப் பதில் சொல்வதால், இல்லாத கட்டுரை வருவது குறைகிறது. அதைவிட நுணுக்கமான தவறு மிஞ்சி நிற்கிறது: கட்டுரை இருக்கும், அது சொன்னதாகச் சொல்லப்படுவது அதில் இருக்காது. திறந்து படிப்பதைத் தவிர இதற்கு வேறு வழி கிடையாது. படிக்காத கட்டுரையைப் பட்டியலில் சேர்ப்பதில்லை என்று ஒரு மாணவர் முதல் செமஸ்டரிலேயே வைத்துக்கொண்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது.

அப்படியானால் கருவியைத் தொடவே வேண்டாமா? துருக்கியில் உயர்நிலைப் பள்ளி மாணவர் ஏறத்தாழ 1,000 பேரிடம் பென்சில்வேனியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கணிதத்தில் ஒரு சோதனை நடத்தினார்கள். ஒரு குழுவுக்குச் சாதாரண சாட்ஜிபிடி மாதிரியான கருவி கிடைத்தது. பயிற்சிக் கணக்குகளில் அவர்கள் 48 விழுக்காடு கூடுதலாகச் செய்தார்கள். கருவியைப் பிடுங்கிவிட்டுத் தேர்வு வைத்தபோது, கருவியையே காணாத குழுவைவிட 17 விழுக்காடு கீழே போனார்கள். இன்னொரு குழுவின் கருவி விடையைக் கொடுக்காது. ஆசிரியர்கள் எழுதிக் கொடுத்த குறிப்புகளை வைத்து அடுத்த படியை மட்டும் காட்டும். அந்தக் குழுவுக்குப் பயிற்சியில் 127 விழுக்காடு முன்னேற்றம், தேர்வில் அந்தச் சறுக்கல் ஏறக்குறைய இல்லை. இரண்டின் அடியிலும் இருந்தது ஒரே மொழி மாதிரிதான். என்ன கேட்கலாம், என்ன கிடைக்கும் என்பது மட்டும் வேறு.

ஆகவே கட்டுரை வந்த பிறகு பூதக்கண்ணாடி வைத்துத் தேடுவதைவிட, அது உருவாகும் வழியில் ஆசிரியர் கூடவே இருப்பதுதான் நியாயமும் பயனும் உள்ள வேலை என்று நினைக்கிறேன். முதல் வரைவு, திருத்திய வரைவு இரண்டையும் கேட்டு வாங்கலாம். முனைவர் பட்டத்துக்கு வைவா இருப்பதுபோல, இளங்கலை அசைன்மென்டுக்கும் ஐந்து நிமிடப் பேச்சு இருக்கலாம்: இந்த முடிவுக்கு எந்தத் தரவு காரணம், எதை எழுதிவிட்டு வெட்டினாய், ஏன்? அறுபது பேர் வகுப்பில் எல்லாரையும் ஒவ்வொரு முறையும் கேட்க முடியாது. முறை வைத்துப் பத்துப் பத்துப் பேராகக் கேட்க முடியும்.

பொறுப்பு மனிதரிடம்தான் என்பதில் ஆய்வுலகம் சீக்கிரமே தெளிந்துவிட்டது. மொழி மாதிரியைக் கட்டுரையாசிரியராகச் சேர்க்க முடியாது, ஏனெனில் அதனால் பொறுப்பேற்க இயலாது என்று நேச்சர் இதழ் 2023 ஜனவரியிலேயே அறிவித்தது. ஆய்வு நிதிக்கான விண்ணப்பங்களை மதிப்பிடுபவர்கள் அவற்றை இத்தகைய கருவிகளில் போடக் கூடாது என்று அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனங்கள் அந்த ஜூனில் தடை போட்டன. ஒருவர் நம்பிக் கொடுத்த வெளிவராத ஆய்வை இன்னொரு நிறுவனத்தின் கணினிக்கு அனுப்புவது ரகசியத்தை உடைப்பது. மாணவரின் ஆய்வேட்டைச் சுருக்கித் தரச் சொல்லும் நெறியாளருக்கும், நோயாளிகளிடம் எடுத்த நேர்காணலை அப்படியே ஒட்டும் மாணவருக்கும் இது பொருந்தும்.

மாணவர் கட்டுரையின் அடியில் இரண்டு வரி எழுதலாம்: வரைபடத்துக்கான நிரலை இந்தக் கருவியிடம் வாங்கினேன், எண்களை நானே சரிபார்த்தேன். அந்த இரண்டு வரிக்காக மதிப்பெண் குறையாது என்று ஆசிரியர் முன்கூட்டியே சொல்லியிருந்தால்தான் யாரும் உண்மையை எழுதுவார்கள். எந்த அசைன்மென்டில் எது அனுமதி என்பதையும் அப்போதே சொல்லிவிட வேண்டும். பாஸ்டனில் நார்த்ஈஸ்டர்ன் பல்கலைக்கழக மாணவி ஒருவர், பேராசிரியரின் பாடக் குறிப்பில் சாட்ஜிபிடியின் தடயங்களைப் பார்த்துவிட்டு, அந்தப் பாடத்துக்குக் கட்டிய 8,000 டாலருக்கு மேற்பட்ட கட்டணத்தைத் திருப்பிக் கேட்டது 2025-இல் செய்தியானது. பல்கலைக்கழகம் பணத்தைத் தரவில்லை. ஆனால் அவர் கேட்டது சரியான கேள்வி. பாடக் குறிப்பின் அடியிலும் அந்த இரண்டு வரி இருந்திருக்க வேண்டும்.