பிச்சாவரத்தில் ஒரு செயல்விளக்கத் திடல்

வயலோரத்தில் ‘செயல்விளக்கத் திடல்’ என்று பலகை நட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். புது ரகமோ புது முறையோ, விவசாயி தன் கண்ணால் பார்க்கட்டும் என்று போடுவது. நாட்டின் முதல் வேளாண் அறிவியல் நிலையம் 1974-ல் பக்கத்துப் புதுச்சேரியில்தான் தொடங்கியது. ஆகவே இந்தக் கரைக்காரர்களுக்கு அந்தப் பலகை புதிதில்லை. ஆனால் காட்டுக்குத் திடல் போட்ட கதை தெரியுமா? டீயைக் குடித்துக்கொண்டே கேளுங்கள்.

வெள்ளாற்று முகத்துக்கும் கொள்ளிட முகத்துக்கும் நடுவே சுமார் 1,100 ஹெக்டேரில் விரிந்தது பிச்சாவரம் சதுப்பு. படகில் போகிறவர்கள் காண்பது ஓடைக்கரைச் சுரபுன்னையை மட்டும்தான். 1990-களின் தொடக்கத்தில் அந்தப் பச்சைத் திரைக்குப் பின்னால் பெரும்பரப்பு பொட்டலாகக் கிடந்தது. ஊர்க்காரர்கள் மாடு மேய்த்தார்கள், விறகு வெட்டினார்கள், அதனால் காடு அழிந்தது என்பதே அப்போது வழக்கமான விளக்கம். ஏழைமேல் பழி போடுவது எப்போதும் சுலபம்.

எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தார் மண்ணையும் தண்ணீரையும் அளந்து பார்த்து வேறு காரணம் சொன்னார்கள். வெள்ளைக்காரர் காலம் தொட்டு 1970-கள் வரை இங்கே கூப்பு போட்டு, பகுதி பகுதியாக மொத்த மரத்தையும் வெட்டியிருக்கிறார்கள். நிழல் போனதும் வெயில் நேரே சேற்றில் விழுந்தது. ஈரம் வற்ற வற்ற மண் அமுங்கி, நிலம் தாம்பாளம் மாதிரி நடுவில் குழிந்துவிட்டது. பெரிய ஓதத்தில் உள்ளே ஏறிய நீருக்குத் திரும்பிப் போக வழி இல்லை. தேங்கும், கோடையில் காயும், உப்பை மட்டும் விட்டுவிட்டுப் போகும். வருஷா வருஷம் இப்படியே ஏறிய உப்பில் எந்த விதை பிழைக்கும்? மாட்டைத் தடுத்து வேலி போட்டாலும் அங்கே மரம் வந்திருக்காது.

மருந்து எளிமையானது, உழைப்புதான் அதிகம். ஓடையிலிருந்து ஒரு தாய்வாய்க்கால், அதிலிருந்து இருபுறமும் சாய்வாகக் கிளைவாய்க்கால்கள். மேலிருந்து பார்த்தால் மீன்முள். மேலே அகலமாகவும் அடியில் குறுகலாகவும் வெட்ட வேண்டும், இல்லையென்றால் கரை சரிந்துவிடும். இனி ஓதம் வந்து வந்து திரும்பும்; ஐப்பசி, கார்த்திகை மழை மிச்ச உப்பைக் கழுவும். உப்பு இறங்கிய பிறகு வெண்கண்டல் நாற்றை நடுவார்கள், அதுவும் வாய்க்காலின் நடுச்சரிவில். உச்சியில் வைத்தால் ஈரம் எட்டாது, அடியில் வைத்தால் மூழ்கிவிடும்.

மகாராஷ்டிரத் திராட்சைத் தோட்டங்களிலும் உப்புதான் தலைவலி. அங்கே உப்பைத் தாங்கும் டாக்ரிட்ஜ் வேர்ச்செடியில் ஒட்டுக் கட்டிச் சமாளிக்கிறார்கள், செடியை மாற்றி. பிச்சாவரத்தில் மாற்றியது தண்ணீர் போகும் தடத்தை.

இந்தத் திடலை இரண்டு தரப்பு பார்த்துக்கொண்டிருந்தது. ஊர்தான் குற்றவாளி என்று நினைத்த வனத்துறை ஒன்று, வனத்துறையை நம்பாத ஊர் இன்னொன்று. அறிக்கை எழுதித் தீர்க்க முடியாத அந்த வழக்கை வளர்ந்த நாற்றுகள் தீர்த்தன என்றே சொல்வேன். ஊர் மன்றங்களும் வனத்துறையும் கூட்டாகக் காட்டைப் பார்த்துக்கொள்ளும் ஏற்பாடு அதன்மேல்தான் எழுந்தது. 1986-ம் ஆண்டுச் செயற்கைக்கோள் படத்தை 2002-ம் ஆண்டுப் படத்தோடு ஒப்பிட்டபோது காட்டுப் பரப்பு ஏறக்குறைய 90 சதவீதம் கூடியிருந்தது. மீன்முள் வாய்க்கால் முத்துப்பேட்டைக்குப் போனது, கிருஷ்ணா, கோதாவரி முகத்துவாரங்களுக்கும் போனது.

திடலைப் பார்த்துவிட்டுப் போகிறவர் பெரும்பாலும் வடிவத்தைத்தான் எடுத்துப் போவார். எனக்கு அதுதான் கவலை. மீன்முள் மாதிரி கோடு போடுவது ஒரு நாள் வேலை. அதற்கு முன் நிலமட்டம் பார்த்து, எங்கே பள்ளம், ஓதம் எவ்வளவு உயரம் ஏறும் என்று கணக்கெடுக்காமல் வெட்டினால், உப்புநீரை உள்ளே கொண்டுவந்து தேக்க இன்னும் ஒரு வழி கிடைக்கும், அவ்வளவுதான். இங்கே ஓதத்தின் ஏற்ற இறக்கம் குறைவு. மட்டக் கணக்கு கொஞ்சம் பிசகினாலும் நீர் திரும்பாது.

தூர்வாரும் வேலையும் இருக்கிறது. ஓதத்தோடு வரும் வண்டல் கிளைவாய்க்கால்களைத்தான் முதலில் அடைக்கும். நாற்று வேரூன்றும் வரை சில ஆண்டுகளுக்கு அதை வாரிக்கொண்டே இருக்க வேண்டும். அந்தக் கூலியைத் திட்டத்தின் முதல் நாளே கணக்கில் எழுதி வைக்க வேண்டும். நிதி முடிந்த பிறகு சேற்றில் இறங்க ஆள் கிடைக்காது.