டிராக்டர் ஓட்டுநரின் காலடியையும் கொஞ்சம் கவனியுங்கள்

காவிரியில் தண்ணீர் வந்து, சம்பா நாற்றங்கால் தயாராகிவிட்டால் ஸ்ரீரங்கம் சுற்றுவட்டாரத்தில் டிராக்டருக்கு ஓய்வே கிடையாது. விடியற்காலையில் வயலில் இறங்கும் வண்டி, விளக்கு போட்ட பிறகும் சேறடித்துக்கொண்டிருக்கும். எத்தனை ஏக்கர் ஓடியது, எத்தனை லிட்டர் டீசல் போனது என்று கணக்குப் பார்க்கிறோம். ஓட்டியவரின் கால் என்ன ஆனது என்று யாரும் கேட்பதில்லை.

உத்தமர்சீலி பக்கம் ஒரு வயலுக்குப் போயிருந்தபோது நடந்ததைச் சொல்கிறேன். பகல் முழுக்கச் சேறடித்த ஓட்டுநர் மாலையில் வண்டியை வரப்போரம் நிறுத்திவிட்டு இறங்கினார். இறங்கியவர் நடக்கவில்லை. மட்கார்டைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார். "என்னப்பா ஆச்சு?" என்றேன். "இடது கால் மரத்துப் போச்சு சார். அஞ்சு நிமிஷத்துல சரியாயிடும், தினமும் இப்படித்தான்" என்றார்.

ஏறி உட்கார்ந்து பார்த்தேன். இருக்கை கடைசிப் பல்லில், பின்னால் தள்ளிக் கிடந்தது. உரிமையாளர் உயரமானவர், வண்டி வாங்கிய அன்று அவருக்காகத் தள்ளி வைத்தது, அதற்குப் பிறகு யாரும் தொடவில்லை. கிளட்ச் பெடலின் ரப்பர் தேய்ந்து இரும்பு பளபளத்தது. இரண்டு பிரேக் பெடல்களையும் இணைக்கும் கொக்கி துருப்பிடித்து அசைய மறுத்தது. பிரேக்குக்குப் பக்கத்தில் ஒரு தண்ணீர் பாட்டில், ஒரு ஸ்பேனர், கொஞ்சம் கயிறு. இந்த நான்கும் பெரும்பாலான வண்டிகளில் பார்க்கக்கூடியவைதான். நான்கையும் பெரிய செலவில்லாமல் சரிசெய்யலாம்.

இருக்கை யாருக்காக?

இந்தியாவில் விவசாய வேலை செய்யும் ஆண்களின் சராசரி உயரம் சுமார் 163 செ.மீ.; பெண்களுக்குச் சுமார் 151 செ.மீ. ஆறடி மனிதருக்குப் பொருத்தி வைத்த இருக்கையில் இவர்கள் உட்கார்ந்தால் கிளட்சை முழுதாக மிதிக்க இடுப்பை முன்னால் இழுத்துக்கொள்ள வேண்டியிருக்கும். முதுகு சாய்மானத்தை விட்டு விலகிவிடும். இருக்கையின் முன்விளிம்பு தொடையின் அடிப்பகுதியை அழுத்தும். கால் மரத்துப் போவதற்கு இது முக்கியக் காரணம்.

ஒரு உழவில் கிளட்சை எத்தனை முறை மிதிக்கிறோம் என்று உத்தேசமாகக் கணக்குப் போட்டுப் பாருங்கள். 80 மீட்டர் நீளம், 50 மீட்டர் அகலம் உள்ள ஒரு ஏக்கர் வயலில் 1.5 மீட்டர் ரோட்டவேட்டர் ஓட்டினால் 33 சால் வரும். ஒவ்வொரு திருப்பத்திலும் இரண்டு முறை கிளட்ச் மிதித்தால் 66 முறை. இரண்டு ஓட்டு ஓட்டினால் 132. ஒரு நாளில் ஆறு ஏக்கர் என்றால் ஏறக்குறைய 800 முறை. நம் பகுதியில் வயல்கள் சிறு சிறு வரப்புகளாகப் பிரிந்து கிடப்பதால் திருப்பங்கள் இன்னும் கூடும். இவ்வளவும் ஒரே இடது காலால்!

சரிபார்ப்பது எளிது. இன்ஜினை அணைத்துவிட்டு, முதுகைச் சாய்மானத்தில் ஒட்டி வைத்து உட்காருங்கள். கிளட்சைத் தரை வரை மிதியுங்கள். முழுதாக மிதித்த நிலையிலும் முழங்கால் சற்று மடங்கியே இருக்க வேண்டும். முதுகு சாய்மானத்தை விட்டு நகர்ந்தாலோ, கால் விறைப்பாக நீண்டாலோ இருக்கையை முன்னால் கொண்டு வாருங்கள். முழங்கால் ஸ்டீயரிங்கில் இடித்தால் ஒரு பல் பின்னால் தள்ளுங்கள். ஓட்டுபவர் மாறும்போதெல்லாம் இதைச் செய்ய வேண்டும்.

இரட்டை கிளட்ச் உள்ள வண்டிகளில் இது இன்னும் முக்கியம். பாதி மிதித்தால் சக்கரத்துக்குப் போகும் ஓட்டம் நிற்கும். முழுதாக மிதித்தால்தான் பி.டி.ஓ. நிற்கும். கால் எட்டாத ஓட்டுநர் முழுதாக மிதித்ததாக நினைத்துக்கொள்வார். பின்னால் ரோட்டவேட்டர் சுற்றிக்கொண்டே இருக்கும். இது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம்.

கிளட்ச் மீது கால் வைத்து ஓய்வெடுக்காதீர்கள்

கால் வைக்கும் பலகையில் வசதியாக இடமில்லை என்றால் ஓட்டுநர் இடது காலைக் கிளட்ச் மேலேயே வைத்துக்கொள்வார். லேசாக வைத்திருந்தாலும் ரிலீஸ் பேரிங் ஓயாமல் சுற்றும், கிளட்ச் பிளேட் வழுக்கித் தேயும். பிளேட் மாற்ற வண்டியை இரண்டாகப் பிரிக்க வேண்டும். சீசன் நடுவில் இரண்டு மூன்று நாள் வேலை கெடும். ஆகவே, ஓட்டுநரின் கால் வசதி உரிமையாளரின் பணத்தோடும் சம்பந்தப்பட்டது.

பெடலை மிதிக்கத் தொடங்கும்போது கொஞ்ச தூரம் இலகுவாகப் போய், அதன் பிறகே கனம் தெரிய வேண்டும். மெக்கானிக்குகள் இதை 'ஃப்ரீ ப்ளே' என்பார்கள். எத்தனை மில்லிமீட்டர் என்பது மாடலுக்கு மாடல் மாறும். வண்டியோடு வந்த கையேட்டில் அளவு இருக்கும். அது குறைந்தால் பிளேட் தேயும். கூடினால் கிளட்ச் முழுதாக விடுபடாமல் கியர் போடும்போது கரகரவென்று சத்தம் வரும். சீசனுக்கு முன் ஒரு ஸ்கேல் வைத்து அளந்து பாருங்கள்.

பிரேக் கொக்கி: வயலில் பிரித்து, சாலையில் இணைத்து

டிராக்டரில் இடது, வலது பின்சக்கரங்களுக்குத் தனித்தனி பிரேக் பெடல் இருப்பது, வயல் மூலையில் ஒரு பக்கம் மட்டும் பிடித்துச் சட்டென்று திரும்புவதற்காக. வயலை விட்டு ஏறியதும் கொக்கியைப் போட்டு இரண்டையும் ஒன்றாக்கிவிட வேண்டும்.

வாழைத்தாரோ நெல் மூட்டையோ ஏற்றிய டிரெய்லரை இழுத்துக்கொண்டு கல்லணை சாலையில் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். குறுக்கே மாடு வந்து அவசரமாகப் பிரேக் அடிக்கும்போது கால் ஒரு பெடலில் மட்டும் பட்டால் வண்டி அந்தப் பக்கமே இழுத்துக்கொண்டு திரும்பும். ஒரு பக்கம் வாய்க்கால், மறுபக்கம் கரைச்சரிவு என்றால் முடிவைச் சொல்ல வேண்டியதில்லை. துருப்பிடித்த கொக்கிக்கு எண்ணெய் விடுங்கள். உடைந்திருந்தால் மாற்றாமல் சாலையில் ஏறாதீர்கள். கொக்கி போட்ட பிறகு, ஆள் நடமாட்டமில்லாத சமதளத்தில் மெதுவாக ஓட்டிப் பிரேக் பிடித்துப் பாருங்கள். இரண்டு சக்கரமும் ஒரே சமயத்தில் நிற்க வேண்டும். ஒரு பக்கம் இழுத்தால் மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.

பல மாடல்களில் டிஃபரன்ஷியல் லாக் பெடல் வலது குதிகாலுக்கு அருகிலேயே இருக்கும். இடநெருக்கடியில் குதிகால் அதன் மேல் பட்டபடி திருப்பினால் வண்டி திரும்ப மறுக்கும். புதிய ஓட்டுநருக்கு முதல் நாளே அதைக் காட்டிக் கொடுங்கள்.

காலடி டூல் பாக்ஸ் அல்ல

தண்ணீர் பாட்டில், தூக்குவாளி, ஸ்பேனர், லிங்க் பின், கயிறு எல்லாம் ஓட்டுநரின் காலடியில்தான் கிடக்கும். மேடு பள்ளத்தில் உருளும் ஒரு பாட்டில் பிரேக் பெடலுக்கு அடியில் போய் நின்றால் பெடல் கீழே இறங்காது. மட்கார்டுக்குப் பின்புறம் ஒரு இரும்புக் கூடை வெல்டிங் செய்து வைத்தால் இந்தப் பிரச்சினை தீர்ந்தது. விரித்துப் போட்ட சாக்கும், ஒட்டாத ரப்பர் விரிப்பும் அதே ஆபத்துதான். விரிப்பு போட்டால் பெடலுக்கு இடம் விட்டு வெட்டி, போல்ட் போட்டு இறுக்குங்கள்.

மட்கார்டில் ஆள் ஏற்றிக்கொள்ளும் பழக்கத்தையும் சொல்லியாக வேண்டும். உட்காருபவரின் கால் ஓட்டுநரின் காலடியில்தான் வந்து நிற்கும். பெடலுக்கான இடம் போய்விடும். குலுக்கலில் அவர் விழுந்தால் விழுவது பின்சக்கரத்துக்கோ ரோட்டவேட்டருக்கோ முன்னால். பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளையை ஆசைக்காக ஏற்றிக்கொள்வதும் வேண்டாம்.

சேறும் செருப்பும் சூடும்

சேறடிக்கும்போது ஏறி இறங்குவதில் பலகையெல்லாம் சேறாகும். ஈரச் சேற்றுக் கால் தேய்ந்த பெடலில் வழுக்கும். பெடல் ரப்பரின் விலை குறைவு, தேய்ந்ததும் மாற்றுங்கள். ரப்பர் இல்லாத இரும்புப் பெடலில் குறுக்குக் கோடுகளாக வெல்டிங் மணி போட்டால் பிடிப்பு கிடைக்கும். படியிலும் அப்படியே செய்யலாம். கால் சேற்றை வழிக்க, படிக்குப் பக்கத்தில் ஒரு பட்டை இரும்பை நிறுத்தி வையுங்கள்.

வார் செருப்பு பெடலில் மாட்டும். வெறுங்கால் சூட்டுக்கும் வழுக்கலுக்கும் தாங்காது. பின்பக்கம் வார் உள்ள, அடிப்பாகம் வரியோடிய செருப்போ கேன்வாஸ் ஷூவோ நல்லது. வாழைத் தோட்டங்களில் இடையுழவுக்கு ஓடும் மினி டிராக்டர்களில் பெடல்கள் நெருக்கமாக இருக்கும். அகலமான ஷூ இரண்டு பெடலையும் சேர்த்து மிதித்துவிடும். காலுக்குச் சரியாக ஒட்டிய ஷூவாகப் பாருங்கள்.

இன்ஜின் விசிறியின் அனல் பின்னோக்கி ஓட்டுநரின் கால் மீதுதான் வீசும். காலுக்கு நடுவே இருக்கும் கியர் பாக்ஸும் நேரம் ஆக ஆகச் சூடேறும். ரேடியேட்டர் வலையில் அடைத்த வைக்கோல் தூசியைத் தினமும் தட்டிவிட்டால் இன்ஜின் சூடு குறையும். முழுநீளப் பருத்திப் பேன்ட், போதுமான குடிநீர், இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை இறங்கிப் பத்து நிமிட நடை ஆகியவை ஓட்டுநருக்கு அவசியம்.

அதிர்வு முதுகைத் தாக்கும்

உட்கார்ந்திருக்கும் மனிதனின் முதுகெலும்பு, விநாடிக்கு 4 முதல் 8 முறை வரை வரும் மேல்கீழ் அதிர்வில்தான் மிக அதிகமாகப் பாதிக்கப்படும். டிராக்டர் தரும் குலுக்கலில் பெரும்பங்கு இந்த அளவை ஒட்டியே இருக்கிறது. பல வண்டிகளில் இருக்கைக்கு அடியிலோ பின்னாலோ ஓட்டுநரின் எடைக்கு ஏற்ப ஸ்பிரிங்கை இறுக்கும் திருகு உண்டு. அதைத் திருப்பிப் பார்த்தவர்கள் குறைவு. 55 கிலோ ஆளுக்கும் 85 கிலோ ஆளுக்கும் ஒரே இறுக்கம் சரிவராது. கேஜ் வீலுடன் தார்ச்சாலையில் ஓட்டுவது சாலையையும் கெடுக்கும், முதுகையும் கெடுக்கும், சட்டப்படியும் தவறு.

வாங்கும்போது கேளுங்கள்

டிராக்டர் வாங்குபவர்கள் குதிரைத்திறன், மைலேஜ், மானியம் மூன்றையும் கேட்கிறார்கள். நான்காவதாக, தினமும் ஓட்டப் போகிறவரையும் ஷோரூமுக்கு அழைத்துப் போய் அரை மணி நேரம் ஓட்டச் சொல்லுங்கள். கியர் பாக்ஸின் இருபுறமும் காலை விரித்து உட்காரும் அமைப்பு ஒரு வகை; சமதளப் பலகையில் இரண்டு காலையும் வைக்கும் அமைப்பு இன்னொரு வகை. ஏறி இறங்கவும் காலை மாற்றி வைக்கவும் இரண்டாவது வசதி. மத்தியப் பிரதேசம் புத்னியில் உள்ள மத்திய அரசின் பண்ணை இயந்திரப் பயிற்சி மற்றும் பரிசோதனை நிலையம் டிராக்டர்களைச் சோதித்து அறிக்கை தருகிறது. அதில் பிரேக், அதிர்வு, சத்தம் பற்றிய அளவுகள் உண்டு. விற்பனையாளரிடம் அந்த அறிக்கையைக் கேட்டு வாங்கிப் பாருங்கள்.

விரிவாக்கப் பணியில் இருக்கும் நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. இயந்திர உழவு பற்றிய கூட்டங்களுக்கு உரிமையாளர்கள் வருகிறார்கள். ஓட்டுநர்கள் வயலில் இருக்கிறார்கள். சீசன் தொடங்கும் முன் ஊருக்கு ஒரு மாலை, ஓட்டுநர்களை வண்டியோடு வரச் சொல்லி, இருக்கை, ஃப்ரீ ப்ளே, கொக்கி, பெடல் ரப்பர் நான்கையும் பார்த்துக் கொடுங்கள். வேளாண்மைப் பொறியியல் துறையின் உதவி செயற்பொறியாளர் அலுவலகத்தை அணுகி உதவி கேட்கலாம்.

அன்று உத்தமர்சீலியில் உரிமையாளரையும் கூப்பிட்டுக் காட்டினேன். இருக்கையை இரண்டு பல் முன்னால் நகர்த்தினோம். ஓட்டுநர் ஏறி உட்கார்ந்து கிளட்சை மிதித்துப் பார்த்துவிட்டு, "இது நகரும்னே எனக்குத் தெரியாது சார்" என்றார். நான்கு வருடமாக அந்த வண்டியை ஓட்டுகிறவர் அவர். நாளைக் காலை வண்டி எடுக்கும் முன் உங்கள் ஓட்டுநரிடமும் ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.