மாதவிலக்கு நேரத்தில் மலம் கழிக்க வலியா? மூலம் என்று அலட்சியம் வேண்டாம்!

மாதவிலக்கு நாட்களில் மலம் கழிக்கும்போது உயிர் போகிற வலி, வயிறு உப்புசம், மலச்சிக்கல் அல்லது பேதி. பல பெண்கள் இதை மூலம், கேஸ் டிரபுள் என்று நினைத்து மாத்திரை வாங்கிப்போட்டு காலத்தை ஓட்டுகிறார்கள். "பொம்பளைன்னா வலி இருக்கத்தான் செய்யும்" என்று வீட்டிலும் வாயை அடைத்து விடுகிறார்கள். ஆனால் இது 'எண்டோமெட்ரியோசிஸ்' நோயாக இருக்கலாம்.

குடலை இறுக்கும்

கர்ப்பப்பையின் உள்சவ்வு போன்ற திசு, கர்ப்பப்பைக்கு வெளியே வளருவதுதான் இந்த நோய். குழந்தை பெறும் வயதில் உள்ள பெண்களில் சுமார் 10 சதவீதம் பேருக்கு இது இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. சிலருக்கு மலக்குடலிலும் ஒட்டி வளரும். மாதந்தோறும் அந்த இடம் வீங்கி, நாளடைவில் தழும்பாகி குடலை இறுக்கும்.

இது குடலின் வெளிப்பக்கம் இருந்து வளருவதால், கொலோனோஸ்கோபியில் தெரியாமல் போகலாம். ஸ்கேன், எம்.ஆர்.ஐ. மூலம் கண்டுபிடிக்கலாம். ஹார்மோன் மாத்திரையில் பலருக்கு வலி குறையும். குறையாவிட்டால் லேப்ராஸ்கோபி ஆபரேஷன் உண்டு.

உடனே ஆஸ்பத்திரி

வயிறு ஊதி, வாந்தி எடுத்து, காற்றுகூட பிரியாவிட்டால் குடல் அடைப்பாக இருக்கலாம். அபூர்வம்தான், ஆனால் ஆபத்து. உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். மலத்தில் ரத்தம் வந்தாலும் டாக்டரிடம் காட்டியே ஆக வேண்டும்.

வலி வரும் தேதிகளை காலண்டரில் குறித்து வையுங்க. கூச்சப்படாமல் டாக்டரிடம் காட்டுங்க. பாதி நோயை அதுவே சொல்லிவிடும்.