ஈயம் என்னும் ஒரு சொல்

தமிழில் ஈயம் என்னுஞ் சொல் இரண்டு உலோகங்களைக் குறித்து வந்திருக்கின்றது. ஒன்று வெள்ளீயம், மற்றொன்று காரீயம். கற்றோர் இவற்றை அடைமொழியால் வேறுபடுத்தினர். ஆனால் கடைத்தெருவிலும் அடுக்களையிலும் அடைமொழிகள் நெடுநாள் நிலைப்பதில்லை. அவை உதிர்ந்துபோக, ஈயம் என்ற வெறுஞ்சொல்லே எஞ்சுகின்றது. எமது விஞ்ஞான பாடநூல்களில் ஈயம் எனின் அது காரீயமே. "பாத்திரத்துக்கு ஈயம் பூச வேண்டும்" என்று வீட்டு முதியவள் கூறும்போதோ அவள் கருதுவது வெள்ளீயத்தை. பின்னது உணவோடு பழகத் தக்கது, முன்னது நஞ்சு.

இக்குழப்பம் தமிழருக்கு மட்டும் உரியதன்று. பண்டைய உரோமரும் காரீயத்தைக் கரிய பிளம்பம் என்றும், வெள்ளீயத்தை வெள்ளைப் பிளம்பம் என்றுமே வழங்கினர். அவர்கள் திராட்சைச் சாற்றைக் காரீயக் கலங்களிற் காய்ச்சிச் சுண்டவைத்து இன்பாகு செய்து, அதனை உணவிலும் மதுவிலும் கலந்தனர். சாற்றின் புளிப்பு காரீயத்தைக் கரைக்கும். கரைந்து உண்டாகும் உப்பு இனிக்கும். நாவுக்கு இனிமையாக வரும் நஞ்சை யார்தான் ஐயுறுவர்?

இரண்டும் மென்மையானவை, எளிதில் உருகுபவை. வெள்ளீயம் 232 பாகை சதமத்திலும் காரீயம் 327 பாகையிலும் உருகுகின்றன. இரும்பை உருக்க 1538 பாகை வேண்டும் என்பதை நினைத்தால், விறகடுப்பில் உருகும் இவ்விரண்டும் மனிதன் கைக்கு ஏன் அத்துணை விரைவில் வசப்பட்டன என்பது விளங்கும். வெள்ளீயம் காற்றிலும் நீரிலும் எளிதிற் கெடாது. புளி பட்ட பித்தளை களிம்பேறும். அதன் உட்புறத்தில் வெள்ளீயத்தை மெல்லிய தோல்போற் படியவைத்தால் அக்குறை நீங்கும். ஈயம் பூசுவோன் கலத்தைத் தேய்த்துத் துலக்கி, நெருப்பிற் சூடேற்றி, நவச்சாரத்தைத் தூவுவான். குப்பென்று வெண்புகை எழும். அப்புகையின் நடுவே வெள்ளீயத் துண்டைத் தொட்டு இழுத்துப் பஞ்சினாற் பரப்பும்போது, கறுத்த கலம் கண்ணெதிரே வெள்ளிபோல் ஒளிரும். நவச்சாரம் அங்கே செய்யும் தொழில், செம்பின் மேற்பரப்பிற் படிந்த ஒட்சைட்டை நீக்கி, உலோகத்தை உலோகம் பற்றிக்கொள்ள வழிசெய்வதாகும். இரசாயன வகுப்பில் இதனைக் கற்பிக்க இதனினும் சிறந்த பரிசோதனையை யான் அறியேன்.

இந்த வெள்ளீயத்துக்கும் யாழ்ப்பாணத்துக்கும் ஒரு பழைய தொடர்பு உண்டு. மலாயாவின் பேராக் பகுதியிற் பெருகிக் கிடந்த வெள்ளீயத் தாதுவே அந்நாட்டின் முதற் புகையிரதப் பாதைக்குக் காரணமாயிற்று. தைப்பிங்கிலிருந்து போட் வெல்ட் துறைமுகம்வரை 1885 இல் திறக்கப்பட்ட அப்பாதையை அமைக்க இலங்கையிலிருந்து தொழிற்படையினர் அழைத்துச் செல்லப்பட்டனர். பின்னர் எழுதுவினைஞர்களாகவும் நிலைய அதிபர்களாகவும் குடாநாட்டு இளைஞர் பலர் கப்பலேறினர். மலாயாப் பணத்தில் எழுந்த கல்வீடுகளைப் பற்றிப் பேசுவோர், அப்பணத்தின் அடியில் வெள்ளீயமும் கிடந்தது என்பதை ஏனோ நினைப்பதில்லை.

பெயர்க் குழப்பம் இத்துடன் முடிந்ததா? இல்லை. தகரம் என்பதும் வெள்ளீயத்துக்குரிய பழம்பெயரே. இன்று கூரைமேற் கிடக்கும் தகரத்தில் வெள்ளீயம் இல்லை. அது நாகம் பூசிய உருக்குத் தகடு. ரின் மீன் அடைத்த பேணியோ வெள்ளீயம் பூசிய உருக்காகும். இவ்விரு பூச்சுகளின் இயல்பும் வெவ்வேறு. நாகப் பூச்சிற் கீறல் விழுந்தால், நாகம் தான் முந்திக் கரைந்து இரும்பைக் காக்கும். வெள்ளீயப் பூச்சிற் கீறல் விழுந்தாலோ, இரும்பே முந்தித் துருவேறும். ஆதலால் நசுங்கிக் கீறுண்ட பேணியை வாங்காது விடுதல் நன்று.

காரீயத்தை வெறும் நஞ்சென்று ஒதுக்குதலும் நன்றிகேடாகும். இப்பக்கங்களைப் படிப்போர் அதற்குப் பெருங்கடன் பட்டவர்கள். கணினி வரும்வரை அச்சுக்கூடங்களில் ஒவ்வோர் எழுத்தும் காரீயம், அந்திமனி, வெள்ளீயம் ஆகிய மூன்றும் சேர்ந்த கலப்புலோகத்தால் வார்க்கப்பட்டது. வரிவரியாக வார்க்கும் பொறியில் நூற்றுக்கு எண்பது பங்குக்கு மேல் காரீயமே. அது மலிவும் எளிதில் உருகும் தன்மையும் தந்தது. அந்திமனி வலிமை தந்தது. உருகிய உலோகம் உறையுங்கால் சுருங்குவதையும் குறைத்தது. அதனாலன்றோ எழுத்தின் கூரிய விளிம்புகள் அச்சில் தெளிவாக விழுந்தன! வெள்ளீயம் உருகிய கலவையை அச்சின் நுண்ணிய மூலைகளிலும் ஓடிப் பாயச் செய்தது. எமது இலக்கியம் ஒரு நூற்றாண்டுக்கு மேலாக இக்கலப்புலோகத்தின் மீதேறியே வாசகரை வந்தடைந்தது. அவ்வெழுத்துகளை நாள்தோறும் விரல்களால் எடுத்துக் கோத்தவர்களோ, கைகழுவாது உண்டால் நேரக்கூடிய தீங்கை உடலில் ஏற்றனர்.

அத்தீங்கு யாதெனில், காரீயம் உடலினுட் கல்சியம்போல் நடித்து எலும்பிற் புகுந்து பல்லாண்டு தங்கிவிடுகின்றது. வளரும் குழந்தையின் மூளையை அது தாக்கும். இன்ன அளவுவரை தீங்கில்லை என்று சொல்லத்தக்க எல்லை எதுவும் அறியப்படவில்லை என உலகச் சுகாதார நிறுவனம் கூறுகின்றது. இது கருதியே பெற்றோலில் காரீயச் சேர்மானம் கலக்கும் வழக்கம் இலங்கையில் 2002 இலும், உலகின் இறுதி நாடாகிய அல்ஜீரியாவில் 2021 இலும் நிறுத்தப்பட்டது.

இனிக் கலப்படத்துக்கு வருவோம். தனி உலோகங்கள் இரண்டைச் சேர்த்தால், கலப்புலோகம் அவ்விரண்டுக்கும் இடைப்பட்ட வெப்பநிலையில் உருகும் என்றே எவரும் எண்ணுவர். இங்கு அவ்வாறன்று. வெள்ளீயம் 63 பங்கும் காரீயம் 37 பங்கும் சேர்ந்தது 183 பாகையிலேயே உருகிவிடும். இரண்டினும் தாழ்ந்த நிலை அது. வானொலிப் பெட்டி திருத்துவோன் கையாளும் பற்றாசு இதுவே. ஐரோப்பாவில் 2006 முதல் மின்னணுப் பொருள்களிற் பெரும்பாலானவற்றில் காரீயப் பற்றாசு விலக்கப்பட்டது. அதற்கு ஈடாக வந்த வெள்ளீயம், வெள்ளி, செம்புக் கலவை 217 பாகையளவில் உருகுகின்றது. பற்றாசுக்கு வரமாயமைந்த இக்குணமே பாத்திரத்துக்குச் சாபமாயிற்று. வெள்ளீயம் விலையுயர்ந்தது, காரீயம் மலிந்தது. கலந்தால் மேலும் எளிதில் உருகும், பூசுவதும் எளிது, பளபளப்பும் உண்டு. கண் வேறுபாடு காணாது.

தமிழ்நாட்டில், சிறப்பாகத் தஞ்சைப் பகுதி வீடுகளில், இரசம் வைப்பதற்கென்றே முழுவதும் வெள்ளீயத்தாலான செம்பு உண்டு. (செம்பு என்பதும் உலோகத்தின் பெயர் கலத்துக்கு ஏறியதே; வெள்ளீயத்தாற் செய்த செம்பு என்று நாம் கூசாமற் சொல்கிறோம்!) புளியும் தக்காளியும் கொதிக்கும் கலம் அது. அதிற் காரீயம் கலந்திருந்தால் உரோமரின் இன்பாகுக் கதையே எமது அடுப்பில் நடைபெறும்.

தூய வெள்ளீயக் கோலை வளைத்தால் கிறீச்சென்று ஓர் ஒலி எழும், காரீயம் ஒலியெழுப்பாது. காரீயத்தைத் தாளில் உரசினால் சாம்பற் கோடு விழும். ஆயினும் கலவையில் இச்சோதனைகள் பொய்த்துவிடும். ஆக்கிமிடீசு காட்டிய வழி அவற்றினும் நம்பத் தக்கது. வெள்ளீயத்தின் அடர்த்தி 7.3, காரீயத்தினது 11.3. ஆதலால் 730 கிராம் நிறையுள்ள தூய வெள்ளீயக் கலம் நீரில் முழுவதும் மூழ்கும்போது 100 மில்லிலீற்றர் நீரை இடம்பெயர்க்கும். நிறையிற் பாதி காரீயமாயின் 82 மில்லிலீற்றரே பெயரும். ஒரு தராசும் அளவுசாடியும் விளிம்புவரை நீர் நிரம்பிய பானையும் போதும். மாணவர்தம் வீட்டுக் கலத்தைக் கொணர்ந்தே ஆசிரியர் இதனைச் செய்து காட்டலாம். கலத்தினுள் காற்றுக்குமிழி தங்காது பார்த்துக்கொள்ள வேண்டும். காரீயம் நூற்றுக்கு ஒரு பங்கே கலந்திருப்பினும் இரசத்துக்கு அது ஆகாது. அத்துணைச் சிறு வேறுபாட்டை இம்முறை காட்டாது. பித்தளைமேற் பூசிய மென்படலத்தையும் இவ்வாறு நிறுக்க இயலாது. அவ்விரண்டுக்கும் ஆய்வுகூடமே துணை. அது கிட்டாதவிடத்து, புளி கொதிக்கும் வேலையை மண்சட்டியிடம் ஒப்படைத்துவிட்டு, ஈயம் பூசிய கலத்தில் அரிசியை அளந்து வைக்கலாம்.