வெள்ளை மணலும் வெளுத்த சுண்டெலியும்

1920களில் கலிபோர்னியாவின் ஸ்கிரிப்ஸ் ஆய்வு நிலையத்தில் இருந்த பிரான்சிஸ் சம்னர், புளோரிடாவின் வளைகுடாக் கரையில் பொறி வைத்துச் சுண்டெலி பிடித்தார். உள்நாட்டு வயல்களில் அவற்றின் முதுகு மண்ணைப் போலப் பழுப்பு; சாண்டா ரோசா தீவின் வெண்மணலில் அதே இனம் ஏறக்குறைய வெள்ளை. தோல்களைப் பாடம் செய்து, முடியின் நிறத்தை ஒளிமானியில் அளந்து, ஒவ்வொன்றையும் எண்ணாக்கிக் குறித்துவைத்தார். இரண்டையும் கலந்து வளர்த்தார். பேரக்குட்டிகள் வெள்ளை, பழுப்பு என இரண்டாகப் பிரியவில்லை. இடைப்பட்ட சாயல்கள் பல தெரிந்தன. நிறத்துக்குப் பின்னால் பல காரணிகள் இருப்பதை அவர் சரியாகவே கணித்தார். அவை எங்கே இருக்கின்றன என்று தேடத்தான் அன்று வழியில்லை. 1930 வாக்கில் எலி ஆய்வைக் கைவிட்டு மீன்களுக்கு மாற வேண்டியதாயிற்று.

இன்று டிஎன்ஏ எடுக்க வால் நுனியில் ஒரு துணுக்கு போதும். இரு எலிகளின் டிஎன்ஏ எங்கெங்கே வேறுபடுகிறதோ, அந்த இடங்களே மரபணுக் குறிப்பான்கள். அவை தாமாக நிறம் தருவதில்லை. சாலையோர மைல்கற்களைப் போல இடத்தை மட்டும் சொல்கின்றன. வெளுத்த பேரக்குட்டிகளிடம் எந்தக் குறிப்பான் திரும்பத் திரும்ப வருகிறதோ, அதன் அருகே தேடும் மரபணு இருக்கிறது. சம்னர் பிடித்த அதே கரையோரச் சுண்டெலிகளில், உயிரியலாளர் ஹோப்பி ஹோக்ஸ்ட்ராவின் குழுவினர் 2006இல் எம்சி1ஆர் என்ற மரபணுவில் ஒரே ஓர் எழுத்து மாற்றத்தைக் கண்டார்கள். அதனால் புரதத்தின் 65ஆம் இடத்தில் ஆர்ஜினினுக்குப் பதில் சிஸ்டீன் வந்துவிடுகிறது. மறு ஆண்டே அகூட்டி என்ற மரபணுவின் பங்கும் தெரிந்தது. அட்லாண்டிக் கரையின் வெள்ளைச் சுண்டெலிகளிடம் அந்த எம்சி1ஆர் மாற்றம் இல்லை. அவை வேறு வழியில் வெளுத்திருக்கின்றன. தோலை எவ்வளவு நுட்பமாக அளந்தாலும் இது தெரிந்திருக்காது.

நிறத்தோடு நிற்கவில்லை. எலி தோண்டிய வளைக்குள் நுரைக் கலவையை ஊற்றி, இறுகியதும் வார்ப்பாக எடுத்து அளந்தார்கள். நுழைவுச் சுரங்கத்தின் நீளத்துக்கு மூன்று மரபணுப் பகுதிகளும், தப்பி ஓடும் வழிக்குத் தனியாக ஒன்றும் இருப்பதாக 2013இல் எழுதினார்கள். குணத்தைக்கூட இப்படிக் கூறுகூறாகப் பிரித்துக் குரோமோசோமில் இடம் காட்ட முடிவது எனக்கு இன்னும் வியப்புதான்.

ஆனால் இந்த மரபணு வரைபடம் துல்லியமாவதற்கு முன்பே மணல்மேடுகள் சுருங்கத் தொடங்கிவிட்டன. வீடுகள் எழுந்தன, சாலைகள் வந்தன, மிஞ்சிய மேடுகளைப் புயல்கள் அரித்தன. வளைகுடாக் கரையின் மூன்று கிளையினங்களை 1985இல் அழியும் ஆபத்துள்ளவற்றின் பட்டியலில் அமெரிக்க அரசு சேர்த்தது. அட்லாண்டிக் கரையில் வாழ்ந்த ஒரு வெளிறிய கிளையினத்தை 1959க்குப் பிறகு யாரும் பார்க்கவில்லை. பாடம் செய்த பழைய தோல்களிலிருந்து டிஎன்ஏவை எடுத்துவிடலாம். இணை சேர்த்துப் பேரக்குட்டிகளைப் பெற்று, எந்த மரபணு அதை வெளுக்கவைத்தது என்று சோதிக்க உயிருள்ள எலி வேண்டும்.