பாப்பா வருமுன் கம்ப்யூட்டர் மூலையைச் சரிசெய்யுங்கள்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கும்போது பிராசசர், ரேம், ஹார்ட் டிஸ்க் என்று எல்லாவற்றையும் விசாரிக்கிறோம். அதைச் செருகப் போகும் சுவர் சாக்கெட்டைப் பற்றி யாரும் விசாரிப்பதில்லை. நானும் விசாரிக்கவில்லை. வீட்டுக்கு ஒரு குழந்தை வரப் போகிறது என்று தெரிந்த பிறகுதான் அந்த சாக்கெட்டைத் திரும்பிப் பார்த்தேன்.

எங்கள் வீடு மயிலாப்பூரில், 1980-களில் கட்டிய ஒரு அடுக்குமாடியில் இரண்டாவது மாடி. ஹால் மூலையில் மேசை, அதன்மேல் மானிட்டர். கேபினெட்டும் யு.பி.எஸ்.ஸும் தரையில். பின்னால் ஒயர்க் குவியல். மனைவி கருவுற்றது தெரிந்ததுமே மூலையை மாற்றி அமைக்க டிரில்லிங் மெஷினைக் கையில் எடுத்தேன். அம்மா தடுத்துவிட்டார். "மாசமா இருக்கறவ வீட்ல இருக்கறப்ப சுவத்துல ஆணி அடிக்கக் கூடாதுடா" என்றார்.

வெறும் சம்பிரதாயம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் பழைய சுவரைத் துளைத்தால் சிமெண்ட்டோடு சேர்ந்து பெயிண்ட் தூளும் பறக்கும். வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பி.பி.எம். அளவுக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி இந்தியாவில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் அடித்த பெயிண்டில் ஈயம் அதிகமாக இருக்க வாய்ப்பு உண்டு. ஈயத் தூள் கர்ப்பிணிக்கும் ஆகாது, கைக்குழந்தைக்கும் ஆகாது. எனவே அம்மா சொன்னதைக் கேட்டுக்கொண்டேன். ஏழாம் மாதம் வளைகாப்பு முடிந்து மனைவியை அடையாறில் உள்ள அவர் அம்மா வீட்டுக்கு அழைத்துப் போனார்கள். மறுநாளே என் வேலை தொடங்கியது.

முதலில் தரையில் உட்காருங்கள்

பெரும்பாலான குழந்தைகள் 7 முதல் 10 மாதத்துக்குள் தவழத் தொடங்கும். எனவே அவசரம் இல்லை. ஆனால் கைக்குழந்தை வந்துவிட்டால் ஒரு ஸ்குரூவை முடுக்கக்கூட நேரம் கிடைக்காது. இப்போதே செய்துவிடுவது நல்லது.

கம்ப்யூட்டர் மூலைக்கு எதிரே தரையில் உட்கார்ந்து, பிறகு கையை ஊன்றித் தவழ்ந்து பாருங்கள். நின்றபடி பார்க்கும்போது தெரியாதவை அப்போது தெரியும். எனக்குத் தெரிந்தவை இவை: முழங்கால் உயரத்தில் ஸ்பைக் பஸ்டரின் சிவப்பு விளக்கு, கைக்கு எட்டும் கேபினெட்டின் பின்பக்கம், மேசையிலிருந்து தொங்கும் மவுஸ் ஒயர். எழுந்திருக்கும்போது கேபினெட்டைப் பிடித்தேன். சுர்ரென்றது.

சுர்ரென்பது ஏன்?

உங்கள் வீட்டிலும் கேபினெட்டின் உலோகப் பகுதியை வெறுங்காலோடு தொடும்போது இப்படி ஒரு கூச்சம் தெரிகிறதா? "கம்ப்யூட்டர் என்றால் அப்படித்தான்" என்று விட்டுவிடாதீர்கள். அந்த சாக்கெட்டில் எர்த் இல்லை என்பதற்கு அதுவே முக்கியமான அடையாளம்.

கேபினெட்டுக்குள் இருக்கும் எஸ்.எம்.பி.எஸ். என்ற பெட்டிதான் வீட்டு மின்சாரத்தை வாங்கிக் கம்ப்யூட்டருக்கு ஏற்றபடி மாற்றிக் கொடுக்கிறது. மின் இரைச்சலை வடிகட்ட அதன் நுழைவாயிலில் இரண்டு சிறு கெபாசிட்டர்கள் இருக்கும். ஒன்று லைவ் ஒயருக்கும் உலோகப் பெட்டிக்கும் நடுவில். இன்னொன்று நியூட்ரலுக்கும் பெட்டிக்கும் நடுவில். எர்த் சரியாக இருந்தால் இதில் கசியும் மிகச் சிறிய மின்சாரம் எர்த் ஒயர் வழியே போய்விடும். எர்த் இல்லாவிட்டால் போக வழி இல்லை. பெட்டி லைவுக்கும் நியூட்ரலுக்கும் நடுவே, 230 வோல்ட்டில் பாதி, அதாவது ஏறக்குறைய 115 வோல்ட்டில் நிற்கும். நீங்கள் தொட்டதும் உங்கள் உடம்பு எர்த் ஒயர் ஆகிறது.

இந்தக் கசிவு வழக்கமாக ஒரு மில்லி ஆம்பியருக்கும் குறைவு. அது கூச்சத்தோடு நின்றுவிடும். பயப்பட வேண்டியது அடுத்த கட்டத்துக்கு. ஒருநாள் எஸ்.எம்.பி.எஸ்.ஸுக்குள் இன்சுலேஷன் கெட்டு லைவ் ஒயர் பெட்டியைத் தொட்டுவிட்டால், எர்த் உள்ள வீட்டில் அதிக மின்சாரம் எர்த் வழியே பாய்ந்து ஃபியூஸ் போகும் அல்லது எம்.சி.பி. விழும். எர்த் இல்லாத வீட்டில் ஒன்றும் ஆகாது. பெட்டி 230 வோல்ட்டோடு சும்மா இருக்கும், முதலில் தொடப் போகிறவருக்காக. எங்கள் வீட்டில் அது எச்சில் கையோடு தவழ்ந்து வரும் குழந்தையாக இருந்திருக்கும்.

மூன்றாவது ஓட்டை

மூன்று முனை சாக்கெட்டை எதிரே நின்று பார்த்தால் வலப்பக்கம் லைவ், இடப்பக்கம் நியூட்ரல், மேலே உள்ள பெரிய ஓட்டை எர்த். பிளக்கில் எர்த் முனை மற்ற இரண்டையும்விட நீளம். செருகும்போது அது முதலில் சேர வேண்டும், பிடுங்கும்போது கடைசியாக விட வேண்டும் என்பதற்காகவே அப்படிச் செய்திருக்கிறார்கள். ஓட்டை இருப்பதால் மட்டும் அதன் பின்னால் ஒயர் இருக்கிறது என்று அர்த்தம் இல்லை.

இந்தச் சோதனையை நீங்கள் செய்ய வேண்டாம். லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். ஆனால் அவர் என்ன செய்கிறார் என்று பக்கத்தில் நின்று பாருங்கள். மல்டிமீட்டரில் லைவுக்கும் எர்த்துக்கும் நடுவே 230 வோல்ட்டை ஒட்டி வர வேண்டும். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே ஓரிரு வோல்ட் வரலாம்.

எங்கள் ஹாலில் டி.வி.க்குப் பக்கத்து சாக்கெட்டில் லைவுக்கும் எர்த்துக்கும் 230 வோல்ட், நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் சுத்தமாக பூஜ்யம். "ரொம்ப நல்லா இருக்கே" என்றேன். வந்தவர் சிரித்தார். "இவ்ளோ சரியா பூஜ்யம் வந்தாதான் சார் சந்தேகப்படணும்" என்று மெயினை அணைத்துவிட்டு சாக்கெட்டைக் கழற்றினார். முன்பு யாரோ வேலை செய்தவர் நியூட்ரலிலிருந்து ஒரு சின்ன ஒயர்த் துண்டை எடுத்து எர்த் முனையில் முடுக்கியிருந்தார். எர்த் ஒயரே வரவில்லை. கம்ப்யூட்டர் மூலையில் அந்தத் துண்டுகூட இல்லை; சுவருக்குள்ளிருந்து சிவப்பும் கறுப்புமாக இரண்டு ஒயர்கள்தான் வந்தன, பச்சை ஒயரைக் காணவில்லை.

நியூட்ரலை எர்த்தோடு இணைக்கும் இந்தக் குறுக்கு வழி, எர்த் இல்லாததைவிட ஆபத்தானது. வழியில் எங்காவது நியூட்ரல் ஒயர் அறுந்தால் போதும்; இயங்கிக்கொண்டிருக்கும் சாதனத்தின் வழியாக உலோகப் பெட்டிக்கு முழு வோல்ட்டேஜும் வந்துவிடும்.

மெயின் போர்டில் எர்த் சரியாக இருந்தது. அங்கிருந்து இரண்டு இடங்களுக்கும் பச்சை ஒயரோடு மூன்று ஒயர்களைச் சுவர்மேல் கேசிங்-கேப்பிங் பட்டைக்குள் புதிதாக இழுத்தார். அரை நாள் வேலை. அன்று மாலை கேபினெட்டைத் தொட்டுப் பார்த்தேன். கூச்சம் போயிருந்தது.

ஆர்.சி.சி.பி. பொருத்துங்கள்

"வீட்டில்தான் எம்.சி.பி. இருக்கிறதே" என்பீர்கள். எம்.சி.பி. ஒயரைக் காக்கத்தான் இருக்கிறது, ஆளைக் காக்க அல்ல. 16 ஆம்பியர் எம்.சி.பி., 16 ஆம்பியர் வரை பேசாமல் இருக்கும். ஆளைக் காப்பது ஆர்.சி.சி.பி. என்ற சுவிட்ச். லைவ் வழியே போகும் மின்சாரமும் நியூட்ரல் வழியே திரும்பும் மின்சாரமும் சமமாக இருக்கின்றனவா என்று அது எப்போதும் ஒப்பிட்டுக்கொண்டே இருக்கும். யாரோ ஒருவர் உடம்பு வழியே கொஞ்சம் கசிந்தாலும் கணக்கு இடிக்கும். கண்மூடித் திறப்பதற்குள் துண்டித்துவிடும். வீட்டுக்கு 30 மில்லி ஆம்பியர் என்று போட்டிருப்பதைக் கேட்டு வாங்குங்கள். 16 ஆம்பியர் என்பது இதைப்போல் 500 மடங்குக்கும் மேல்.

அதில் 'டெஸ்ட்' என்று ஒரு பட்டன் இருக்கும். மாதம் ஒருமுறை அழுத்துங்கள். உடனே விழ வேண்டும், விழாவிட்டால் மாற்றிவிடுங்கள்.

இரண்டு விஷயங்களை மறக்காதீர்கள். குழந்தை ஒரே சமயத்தில் லைவ், நியூட்ரல் இரண்டையும் தொட்டால் ஆர்.சி.சி.பி.க்குத் தெரியாது. எனவே கீழே உள்ள சாக்கெட்டுகளை ஷட்டர் உள்ளவையாக மாற்றுங்கள்; எர்த் முனை நுழைந்தால்தான் மற்ற ஓட்டைகள் திறக்கும். தி.நகர் ரங்கநாதன் தெருவில் செருகி மூடும் பிளாஸ்டிக் மூடிகளையும் பார்த்தேன். லேசாக இழுத்தால் வந்துவிடும் மூடி என்றால் வேண்டாம், அது குழந்தையின் வாய்க்குள் போகும். அடுத்தது யு.பி.எஸ். மெயினை அணைத்தாலும் யு.பி.எஸ்.ஸின் பின்பக்க சாக்கெட்டில் 230 வோல்ட் இருக்கும். அதைத் தரையில் வைக்காதீர்கள்.

நீங்களே செய்யக்கூடியவை

இனி வருபவை என் கையால் செய்தவை. ரிச்சி தெருவில் வெல்க்ரோ பட்டைகளும் கேபிள் டைகளும் வாங்கினேன். எதைத் தொடும் முன்பும் கம்ப்யூட்டரையும் யு.பி.எஸ்.ஸையும் அணைத்து, சுவர் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள்.

ஸ்பைக் பஸ்டரை மேசைப் பலகையின் அடிப்பக்கத்தில், பின்புறமாக ஸ்குரூ செய்யுங்கள். ஒயர்களை நீளம் பார்த்துச் சுருட்டி அங்கேயே கட்டுங்கள். தரையில் ஒரு ஒயரும் கிடக்கக் கூடாது.

மேசையை எல் வடிவ இரும்புப் பட்டையால் சுவரோடு பிணையுங்கள். பிடித்து எழும் குழந்தை மேசையையே இழுக்கும். எல்.சி.டி. மானிட்டர் எடை குறைவு, எளிதில் சாயும். அதையும் ஒரு பட்டையால் பின்னால் கட்டுங்கள்.

உலக சுகாதார நிறுவனத்தின் அட்டவணைப்படி ஒரு வயதுக் குழந்தையின் சராசரி உயரம் சுமார் 75 செ.மீ. அது நம் மேசையின் உயரம். ஆகவே மேசை ஓரத்திலிருந்து ஒரு அடி தூரத்துக்கு எதையும் வைக்காதீர்கள், காபி டம்ளர் உட்பட.

தூளி கட்டும் கொக்கியை மேசையிலிருந்து தள்ளி அமையுங்கள். ஆடும் தூளியிலிருந்து எந்த ஒயரும் கைக்கு எட்டக் கூடாது.

சுவரில் துளை போடும்போது அந்த இடத்தை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டு போடுங்கள். முடிந்ததும் துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத்துணியாலேயே துடையுங்கள். இதெல்லாம் தாயும் சேயும் திரும்பி வருவதற்கு முன் முடிந்திருக்க வேண்டும்.

சின்ன வட்ட பேட்டரி

கம்ப்யூட்டர் மதர்போர்டில் காசு போல ஒரு பேட்டரி இருக்கும். பெரும்பாலும் சி.ஆர். 2032. விட்டம் 20 மி.மீ. கம்ப்யூட்டர் நேரத்தை மறந்து போனால் இதைத்தான் மாற்றுவோம். பழையதை மேசை டிராயரில் போட்டு வைப்போம். அதைச் செய்யாதீர்கள்.

இதை விழுங்கிய குழந்தையின் உணவுக்குழாயில் அது சிக்கிக்கொண்டால், ஈரத்தில் மின்சாரம் ஓடி காரம் உண்டாகிறது. இரண்டு மணி நேரத்திலேயே ஆழமான புண் ஆகலாம். கம்ப்யூட்டருக்குப் பயன்படாத 'செத்த' பேட்டரியிலும் இதற்குப் போதுமான சக்தி மிச்சம் இருக்கும். விழுங்கியதாகச் சந்தேகம் வந்தாலே போதும், வாந்தி எடுக்க வைக்க வேண்டாம், காலைவரை காத்திருக்கவும் வேண்டாம். 108-ஐ அழையுங்கள், அல்லது எழும்பூர் அரசு குழந்தைகள் மருத்துவமனை போன்ற இடத்துக்கு நேராகப் போய் "பட்டன் பேட்டரி" என்று முதலிலேயே சொல்லுங்கள். எக்ஸ்ரேயில் தெரியும்.

சிறிய ரிமோட்டுகளிலும் இதே வகை பேட்டரி உண்டு. மூடியில் ஸ்குரூ இல்லாவிட்டால் டேப் சுற்றி உயரத்தில் வையுங்கள். கம்ப்யூட்டர் வந்த அட்டைப்பெட்டியில் உள்ள தெர்மோகோல் துண்டுகள், சிலிக்கா ஜெல் பொட்டலம் இவற்றையும் வீட்டை விட்டு வெளியேற்றுங்கள்.

விண்டோஸில் ஒரு சின்ன மாற்றம்

கேபினெட்டின் பவர் பட்டன் விளக்கோடு மின்னும். குழந்தைக்கு அதைவிட நல்ல பொம்மை கிடையாது. கண்ட்ரோல் பேனலில் 'பவர் ஆப்ஷன்ஸ்' திறந்து, இடப்பக்கம் பவர் பட்டன் என்ன செய்ய வேண்டும் என்று கேட்கும் வரியை கிளிக் செய்யுங்கள். அங்கே 'டூ நத்திங்' என்பதைத் தேர்ந்தெடுத்து சேவ் செய்யுங்கள். இனி ஒரு தட்டு தட்டினால் கம்ப்யூட்டர் அணையாது. சில விநாடிகள் அழுத்திப் பிடித்தால் மட்டும் அணையும்.

பெண் குழந்தை பிறந்தது. நான்காம் மாதம் மயிலாப்பூருக்கு வந்தாள். எட்டாம் மாதம் ஒரு காலை ஹாலைக் கடந்து நேராகக் கம்ப்யூட்டர் மூலைக்குத் தவழ்ந்து போனாள். வாயிலிருந்து எடுத்த ஈரக் கையால் கேபினெட்டைப் பட்டென்று அடித்தாள், பிறகு பவர் பட்டனைக் குத்தினாள். ஒன்றும் நடக்கவில்லை. ஏமாற்றத்தோடு என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

உங்கள் வீட்டில் குழந்தை வர இருந்தாலும், பேரக் குழந்தை விடுமுறைக்கு வர இருந்தாலும், இந்த வாரமே எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். மீட்டரோடு நிறுத்தாமல் சாக்கெட்டைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். பச்சை ஒயர் இருக்கிறதா என்று உங்கள் கண்ணால் பாருங்கள்.